தண்ணீருக்கு வாழ்க்கைப்பட்டவள்

பீத்தர்ரே, இஸ்ஃபந்த் மாதம் 5, சூரிய ஹிஜ்ரி 1346

தம்பி நுஸ்ரத்,

நேற்று என்னை நம் ஊர் கனாத்துக்குக் கட்டிவைத்தார்கள். லாரிக்காரன் வாயால் நீ கேட்பதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்று விடிந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

நீ ஊரை விட்டுப் போய் எத்தனை வருஷம் ஆனாலும் இந்த வழக்கம் உனக்கு மறந்திருக்காது. மலையடித் தாய்க்கிணற்றிலிருந்து சுரங்க வாய்க்காலில் பூமிக்குள்ளேயே நடந்து வந்து நம் ஊர்த் தலைமாட்டில் வெளியே விழுகிற கனாத் தண்ணீர் ஆண். துணை இல்லாவிட்டால் சுணங்கிப்போகும். போன கோடையிலிருந்தே சுணங்கிக்கொண்டுதான் வந்தது. திராட்சை பறித்தபோது முழங்கால் அளவு ஓடியது. பனி விழுந்தபோது கணுக்கால் நனைந்தால் பெரிது. இதற்கு முன் வாழ்க்கைப்பட்டிருந்த கிழவி நாம் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்போது தண்ணீர் தாராளமாக இருந்ததால் அடுத்த ஆளைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

ஊர்த்தலைவர் யாத்கார் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "கௌகப், ஊர்ல விதவைங்க மூணு பேரு. ஒருத்திக்குக் கண்ணு தெரியாது. இன்னொருத்தியக் கேட்டா அஞ்சு மகனுங்களும் மண்வெட்டியத் தூக்கிக்கிட்டு வருவானுங்க. மிச்சம் நீதான்" என்றார்.

"மிச்சம்னு சொல்லிப் பொண்ணு கேக்க வந்த ஆள் ஊர்லயே நீங்க ஒருத்தர்தாண்ணே" என்றேன். டீ கொடுத்தேன். பிறகு பேரம் பேசினேன். வியாபாரம் உனக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருக்காதே. அறுவடைக்கு அறுவடை ஊர்ப் பொதுவில் எனக்குப் பத்து மூட்டை கோதுமை. வீட்டுக்குப் பின்னால் உள்ள துண்டு நிலத்துக்கு முறை தவறாமல் தண்ணீர். பதிலுக்கு வியாழன்தோறும் கனாத் வாய்க்குள் இறங்கிக் குளிக்க வேண்டும், வேறு ஆணைக் கட்டக் கூடாது. என் புருஷன் செத்த மறுநாளே திராட்சைத் தோட்டத்தைப் பிடுங்கிக்கொண்ட கொழுந்தன்மார் நேற்று வரிசையில் நின்று எனக்கு முதல் மூட்டையை இறக்கிவைத்தார்கள். அந்த முகங்களைப் பார்க்கவே நான் இன்னும் இரண்டு கனாத்தைக் கட்டுவேன்.

முல்லா வரவில்லை. காய்ச்சல் என்று ஆளனுப்பினார். தம்பட்டம் அடித்து வாசல் வரை கொண்டுவிட்டார்கள். உள்ளே நான் தனியாகத்தான் போனேன். ஓரமெல்லாம் பனிக்கட்டி. ஆனால் தண்ணீர் வெதுவெதுவென்றுதான் இருந்தது. உள்ளே இருக்கிற வெள்ளை மீன்கள் காலைக் கொத்தின. வெளியே பெண்கள் குலவையிட்டார்கள். ஏனோ அழுகை வந்தது. சந்தோஷத்திலா என்று என்னைக் கேட்காதே.

பனி குறைந்ததும் வந்துபோ.

உன் அக்கா
கௌகப்

*

மலாயர், இஸ்ஃபந்த் 14

அக்கா,

கடிதம் வந்தது. அதற்கு மூன்று நாள் முன்பே செய்தி வந்துவிட்டது. பஜாரில் என் கடைக்கு எதிரே பாதாம் விற்கிறவன் எல்லார் காதிலும் விழும்படி கேட்கிறான்: "நுஸ்ரத்து, மச்சான் சௌக்கியமா? ஓடிக்கிட்டிருக்காரா, தேங்கிட்டாரா?" அன்றைக்கு முழுக்க என் கடைக்கு வந்தவர்கள் திராட்சை வாங்க வரவில்லை, வாயைக் கிண்ட வந்தார்கள்.

ஒரு கழுதையும் கடன் வாங்கிய திராட்சையுமாக இந்த ஊருக்குள் நுழைந்தவன் நான். இன்று ஹாம்பர்க் வரைக்கும் என் சரக்கு போகிறது. முப்பத்தெட்டு வயசில் என் அக்கா பொந்துக்குள் போய்க் குளித்துவிட்டு வந்து கல்யாணம் என்கிறாள்.

உனக்குக் கோதுமை வேண்டுமென்றால் என்னைக் கேட்டிருக்கலாம். கேட்க மாட்டாய், தெரியும். என் கிடங்குக் கணக்குப்பிள்ளை பெண்டாட்டியை இழந்தவன், நல்ல மனிதன், குடிக்கமாட்டான். இலையுதிர் காலத்திலேயே உன்னிடம் சொல்லச் சொன்னான். நான்தான் தள்ளிப்போட்டேன். இந்தக் கூத்தை விட்டுவிட்டு இங்கே வா. யாத்காரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

தண்ணீர் குறைந்ததற்கும் விதவைகளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதற்கு மேல் இப்போது சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன்.

நுஸ்ரத்

*

பீத்தர்ரே, ஃபர்வர்தீன் 20, 1347

என் தம்பிக்கு,

புது வருஷ வாழ்த்து. புது வருஷ முளைப்பாரியைப் பதின்மூன்றாம் நாள் தண்ணீரில் விட வேண்டுமே, எங்கே விட்டேன் தெரியுமா? என் வீட்டுக்காரர் மடியில். ஆமாம், தண்ணீர் வந்துவிட்டது! முதலில் கணுக்கால், அப்புறம் முட்டிக்குக் கீழே, போன வியாழன் நான் இறங்கும்போது முழங்காலுக்கு மேல். பாவாடையைச் சுருட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டியிருந்தது. உன் பாதாம்காரனிடம் சொல், மச்சான் சௌக்கியம், நன்றாக ஓடுகிறார் என்று.

கிணறு தூர்வாருகிற சஃபர் மட்டும் முகத்தைச் சுளித்தான். "மலையில பனி உருகுது, அதான்" என்றான். யாத்காரின் பெண்டாட்டி மஹ்பானு விடவில்லை. "போன வருஷமுந்தான் பனி உருகிச்சு. அப்புறம் கோடையில எங்க போச்சு உன் தண்ணி? பொண்டாட்டி வந்த வீடு வேற, ஒண்டிக்கட்ட வீடு வேற. உன் வீட்டப் பார்த்தா தெரியலயா?" என்றாள். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, பாவம். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குச் சந்தையில் வழிவிடுகிறார்கள் நுஸ்ரத். பிள்ளைத்தாய்ச்சிகள் என் ஈரத் துணியை வாங்கி வயிற்றில் ஒற்றிக்கொள்கிறார்கள். கொழுந்தன் பெண்டாட்டி தயிர் கொண்டுவந்து வைத்துவிட்டு "அக்கா" என்கிறாள். புருஷன் போன பன்னிரண்டு வருஷத்தில் முதல் அக்கா.

மேட்டுத் தரிசு இருக்கிறதே, நம் அப்பா காலத்திலிருந்து முள் மட்டும் முளைக்கிற இடம், அதைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். திராட்சைக் கொடி நடப்போகிறார்கள். நாற்றுக்கும் உழவு மாட்டுக்கும் ஊரில் பாதிப் பேர் நகையை வைத்துவிட்டார்கள். நல்ல நாள் பார்த்து முதல் கொடியை நான் நட வேண்டுமாம். உனக்கும் சரக்கு கூடும், சந்தோஷப்படு.

உன் கணக்குப்பிள்ளைக்கு வேறு இடம் பார். நான் புருஷன் உள்ளவள்.

கௌகப்

*

மலாயர், உர்திபிஹிஷ்த் 2

அக்கா,

இதை உட்கார்ந்து படி. படித்ததும் யாத்காரிடம் போ.

கொடி நட வேண்டாம் என்று சொல். ஒரு கொடியும் வேண்டாம்.

உங்கள் தாய்க்கிணற்றுக்கு மேலே, மலைச் சரிவில், கர்னல் ஆப்பிள் தோட்டம் போட்டிருக்கிறாரே, அங்கே போன கோடையில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டி டீசல் மோட்டார் வைத்தது உங்களுக்குத் தெரியும். அதைக் கனாத்தோடு யாரும் முடிச்சுப்போடவில்லை. ராத்திரியும் பகலும் அது இறைத்தது. அதனால்தான் கனாத் குறைந்தது. பூமிக்குள் இருப்பது ஒரே தண்ணீர்தான். மேலே உறிஞ்சினால் கீழே வராது. பனிக்காலத்தில் மோட்டாரின் கிராங்க் ஷாஃப்ட் ஒடிந்தது. அதற்குப் பிறகு மோட்டார் நிற்கிறது. அதனால்தான் தண்ணீர் ஏறியது. உன் குளியலால் இல்லை, பனியாலும் அதிகம் இல்லை. புது ஷாஃப்ட் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வருகிறது. வந்ததும் மாட்டுவார்கள். மாட்டிய மாதத்திலேயே கனாத் இறங்கிவிடும்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். ஷாஃப்டுக்கு எழுதிப்போட்டவன் நான். கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு என்னுடையது. திராட்சையில் வந்ததை எங்கே போடுவது என்று பார்த்தேன், நாட்டில் இன்று தண்ணீரைவிட ஏறுகிற சரக்கு வேறு இல்லை. கர்னலுக்கு நிலம் இருந்தது, என்னிடம் ரொக்கம் இருந்தது. அரசாங்க அனுமதியோடு தோண்டியதுதான். நான் போடாவிட்டால் வேறொருவன் போட்டிருப்பான். இதை நான் உன்னிடம் முன்பே சொல்லாதது வேறு விஷயம். அதைப் பிறகு பேசுவோம்.

முதலில் கொடியை நிறுத்து.

நுஸ்ரத்

*

பீத்தர்ரே, உர்திபிஹிஷ்த் 15

நுஸ்ரத்,

உன் கடிதம் வந்த அன்று ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். படித்துவிட்டுத் தந்தூரில் போட்டுவிட்டேன்.

யாத்காரிடம் போகவில்லை. வாசல் வரை போனேன். உள்ளே நாற்றுக்கட்டுகளை ஈரச் சாக்கில் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மஹ்பானு பார்த்துவிட்டு, "வா மகராசி, நீ தொட்டுக் கொடு" என்றாள். தொட்டுக் கொடுத்தேன். மறுநாள் முதல் கொடியை நானே நட்டேன்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? தண்ணீர் என்னால் வரவில்லை, என் தம்பியின் மோட்டார் ஒடிந்ததால் வந்தது, இந்தாருங்கள் உங்கள் கோதுமை என்றா? சொல்லிவிட்டு எங்கே போவேன்? உன் கணக்குப்பிள்ளை வீட்டுக்கா?

நீதான் பெரிய ஆள் ஆயிற்றே. அந்த ஷாஃப்ட் வந்தால் பெட்டியைப் பிரிக்காமல் உன் கிடங்கில் வை. அறுவடை முடியும் வரை போதும். கொடி வேர்பிடித்துவிட்டால் பிறகு குறைந்த தண்ணீரிலும் பிழைத்துக்கொள்ளும். கப்பல் தாமதம் என்று கர்னலிடம் சொல். உன் வாயிலிருந்து வராத பொய்யா?

இதுவரை உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. யோசித்துப் பார்.

கௌகப்

*

மலாயர், உர்திபிஹிஷ்த் 28

அக்கா,

நீ கேட்டது சின்ன விஷயம் போலத் தெரிகிறது, அது என் கழுத்து. மோட்டாருக்காகப் பேங்கில் கிடங்கை அடமானம் வைத்திருக்கிறேன். கர்னலின் ஆப்பிள் கன்றுகள் வாடத் தொடங்கிவிட்டன. அவர் வாரத்துக்கு இரண்டு தடவை ஆளனுப்புகிறார். கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பட்டாளத்தில் இருந்தவர்.

பொய் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. பலிக்கும் பொய்யாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீ சொல்லியிருக்க வேண்டும். நட்டாகிவிட்டது என்கிறாய். இப்போதாவது சொல், போட்டதோடு போகட்டும், மேலே செலவு செய்யாமலாவது இருப்பார்கள். நான் சொன்னதாகவே சொல். இல்லை, என் பெயர் வேண்டாம். சஃபர் சொன்னதாகச் சொல்.

ஷாஃப்ட் நேற்று வந்துவிட்டது.

நுஸ்ரத்

*

பீத்தர்ரே, தீர் 9

நுஸ்ரத்,

உன் மோட்டார் ஓடுகிறது என்று நீ எழுத வேண்டியதில்லை. காற்று திரும்பும்போது இங்கே கேட்கிறது. நாய்கள் அந்தச் சத்தத்துக்குக் குரைக்கின்றன.

முதல் வாரம் நான்கு விரல் இறங்கியது. வெயில் என்றார்கள். அடுத்த வாரம் கணுக்கால். பிறகு கால் மறைவதற்கே குனிந்து குனிந்து இடம் தேட வேண்டியிருந்தது. வியாழன் மட்டும் குளித்தால் போதாது, தினம் இறங்கு என்றார்கள். இறங்கினேன். நேற்று உள்ளே போனால் வெள்ளை மீன்கள் ஒரு சின்னக் குழியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. அந்த மீனை நம் ஊரில் யாரும் தொட மாட்டார்கள், உனக்குத் தெரியும். நான் பாவாடையில் அள்ளிக்கொண்டு இருட்டில் தடவித் தடவி மேலே போனேன், ஆழமான இடம் இருக்கும் என்று. இல்லை. அள்ளியதை எங்கே விடுவது என்று தெரியாமல் நின்றேன்.

சஃபரைத் தாய்க்கிணறு வரை அனுப்பினார்கள். வந்து, "தூரு இல்ல, அடைப்பு இல்ல. பூமிக்குள்ள தண்ணியே இல்ல" என்றான். அவனை யாரும் நம்பவில்லை. தண்ணீர் இல்லை என்றால் எங்கே போயிற்று என்று ஒரு கேள்வி வரும், அதற்குப் பதில் வேண்டும். என்னிடம் கேட்பது அதைவிடச் சுலபம்.

மஹ்பானு முன்னறிவிப்பில்லாமல் வந்தாள். என் படுக்கையைத் தூக்கிப் பார்த்தாள். "கௌகப், நான் உன் நல்லதுக்குத்தான் கேக்குறேன். எவனாவது வந்துபோறானா?" என்றாள்.

"எனக்கு இருக்குற ஒருத்தனே வர்றதில்லக்கா" என்றேன். அவள் சிரிக்கவில்லை. போன மாதம் என்றால் உருண்டு விழுந்து சிரித்திருப்பாள்.

லாரிக்காரன் உன் கடிதத்தைக் கொண்டுவந்து தருகிறான் அல்லவா, அவன்தான் அந்த எவன் என்று முடிவு செய்திருக்கிறார்கள். கனாத் பொறாமைப்பட்டுப் படுத்துக்கொண்டதாம். மேட்டில் கொடி இலை சுருள்கிறது. பெண்கள் அடுக்களைத் தண்ணீரைக் குடத்தில் சுமந்துபோய் வேருக்கு ஊற்றுகிறார்கள். என்னைக் கடக்கும்போது குடத்தை மறுபக்கத்து இடுப்புக்கு மாற்றிக்கொள்கிறார்கள்.

யாத்காருக்கு நீ ஒரு வரி எழுது. மோட்டார்தான் காரணம் என்று உன் கையால் எழுது. நான் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

கௌகப்

*

மலாயர், தீர் 20

அக்கா,

எழுத மாட்டேன். கோபப்படாமல் கேள். என் கையெழுத்தில் ஒரு காகிதம் அங்கே இருந்தால் மறுநாள் மண்ணெண்ணெய் டின்னோடு மலையேறுவார்கள். கர்னல் சுடுவார். பிறகு அந்தக் காகிதம் கோர்ட்டுக்குப் போகும்.

லாரிக்காரன் இதைத் தந்ததும் திரும்பிப்போக மாட்டான். வண்டியை ஊருக்கு வெளியே போப்லார் மரங்களுக்குப் பக்கம் நிறுத்தியிருப்பான். வேறு ஆள்தான், கிழவன், உன்னைப் பற்றிப் பேச்சு வராது. மூட்டையைக் கட்டிக்கொண்டு ஏறு. ஆடு இரண்டையும் ஏற்றிக்கொள். கணக்குப்பிள்ளை பேச்சை எடுக்க மாட்டேன். என் வீட்டு மாடியில் தனி அறை இருக்கிறது. நீ வந்தால் போதும்.

மஹ்பானு படுக்கையைத் தூக்கிப் பார்த்தாள் என்று படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நம்பினால் நம்பு.

நுஸ்ரத்

*

பீத்தர்ரே, முர்தாத் 3

நுஸ்ரத்,

கிழவன் நல்லவன். இருட்டும் வரை காத்திருந்தான். நான் ஏறவில்லை என்பது உனக்குத் தெரிந்திருக்கும். ஓடிப்போயிருந்தால் அவர்கள் சொன்னது உண்மையாகிவிடும். எவனோடோ போய்விட்டாள், அதனால் தண்ணீர் போயிற்று என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பார்கள்.

ஓடுவதற்குப் பதிலாக உண்மையைச் சொல்லிவிட்டேன். மசூதி வாசலில், தொழுகை முடிந்து எல்லாரும் வெளியே வரும்போது. மேலே கர்னலின் மோட்டார், அதில் என் தம்பிக்குப் பங்கு, அது ஒடிந்து கிடந்ததால்தான் வசந்தத்தில் தண்ணீர் வந்தது, இப்போது ஓடுகிறது, அதனால் இல்லை. அவ்வளவும் சொன்னேன். உன் பெயரை மறைக்கவில்லை.

நம்ப மாட்டார்கள் என்றுதான் பயந்தேன். நம்பினார்கள். சஃபர் தலையை ஆட்டியதும் எல்லாரும் நம்பிவிட்டார்கள். எனக்கு நெஞ்சிலிருந்து கல் இறங்கியது போல இருந்தது. அப்புறம் யாத்கார் மெதுவாகக் கேட்டார்: "இது உனக்கு எப்பத் தெரியும் கௌகப்?"

பொய் சொல்லியிருக்கலாம். உன் அக்காதானே, வராதா? வரவில்லை.

"நடறதுக்கு முன்னாடி" என்றேன்.

மஹ்பானு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய வளையல், காதில் போட்டது, மருமகள் போட்டுக்கொண்டு வந்தது எல்லாம் அந்த மேட்டில் இருக்கிறது. என்னை யாரும் அடிக்கவில்லை. ஏசவும் இல்லை. கொழுந்தன் பெண்டாட்டி மட்டும், "தொட்டுக் கொடுத்தியே, உன் கையாலதான தொட்டுக் கொடுத்த" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆண்கள் மண்வெட்டியோடு மலையேறினார்கள். அங்கே ஏற்கெனவே துப்பாக்கிச் சிப்பாய்கள் நின்றார்கள். யாத்காரின் மூத்தவனையும் என் கொழுந்தனையும் கட்டிக் கொண்டுபோய்விட்டார்கள். மலையேறப்போவது ஊருக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. நான் பேசியபோது உன் கிழ லாரிக்காரன் மறுபடி சரக்கேற்ற வந்து ஓரமாக நின்றிருந்தான் என்பதைப் பிறகுதான் யோசித்தேன்.

சிப்பாய்களைக் கூப்பிட்டது யார் நுஸ்ரத்?

கௌகப்

*

மலாயர், முர்தாத் 12

அக்கா,

இரண்டு பேரையும் வெளியே எடுத்துவிட்டேன். வழக்கு இல்லை. எவ்வளவு ஆனது, யார் கையில் கொடுத்தேன் என்பதெல்லாம் வேண்டாம். நாளை மறுநாள் ஊர் வந்துவிடுவார்கள்.

நீ கேட்டதற்கு நேர்ப் பதில் எழுதி இரண்டு காகிதத்தைக் கிழித்துவிட்டேன். மோட்டார் எரிந்திருந்தால் நான் தெருவில் நின்றிருப்பேன், அவர்களில் நாலு பேர் செத்திருப்பார்கள். இதை மட்டும் வைத்துக்கொள்.

இனி நடக்க வேண்டியதைப் பேசுவோம். மேட்டுக் கொடி போனது போனதுதான். பழைய தோட்டங்களையாவது காப்பாற்றலாம். மோட்டார் தண்ணீரை ஒரு வாய்க்கால் வெட்டி உங்கள் பக்கம் திருப்ப முடியும். கர்னலை ஒப்புக்கொள்ளவைப்பது என் பொறுப்பு, லாபம் காட்டினால் அவர் எதற்கும் ஒப்புவார். ஊர் என்ன தரும் என்று கேட்டு எழுது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கிணற்றிலும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. போன வாரம் இன்னும் இரண்டு குழாய் சேர்த்து இறக்கினோம். அடுத்த பள்ளத்தாக்கில் வேறு மூன்று பேர் தோண்டுகிறார்கள். எத்தனை வருஷம் தாங்கும் என்று இன்ஜினியரைக் கேட்டேன். சிரித்துவிட்டுச் சிகரெட் பற்றவைத்தார்.

நுஸ்ரத்

*

பீத்தர்ரே, ஷஹ்ரிவர் 1

நுஸ்ரத்,

ஊர் கூடியது. என்னையும் கூப்பிட்டார்கள், எழுதத் தெரிந்தவள், உன்னோடு பேசுகிறவள் என்பதற்காக. கதவுப் பக்கம் உட்காரச் சொன்னார்கள்.

யாத்காரின் மகன் முகத்தில் இன்னும் வீக்கம் இருக்கிறது. அவன்தான் முதலில் பேசினான். "நம்ம தண்ணியத் திருடி நமக்கே விக்கிறான். அதுக்கு வெல பேசணுமா?"

"பேசாம என்ன பண்ணுவ? இலைய மென்னு தின்னுவியா?" என்றார் அவன் அப்பா. பிறகு எல்லாரும் விலை பேசினார்கள். எழவு வீட்டில் பங்கு பிரிப்பது போல இருந்தது.

கடைசியில் என் விஷயம் வந்தது. மஹ்பானு, "இவள அத்துவிட்டுட்டு வேற ஒருத்தியக் கட்டிவைக்கலாம்" என்றாள்.

"செத்தவனுக்கு எவ கழுத்த நீட்டுவா?" என்றான் சஃபர்.

"செத்துட்டாருன்னு நீ கண்டியா? வெளியூரு போயிருக்கலாம்ல? திரும்பி வரும்போது வீட்ல ஆள் இல்லன்னா?" அவள் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை நுஸ்ரத். அவள் கண்ணைப் பார்த்தேன். மோட்டார் என்று தெரியும். தெரிந்தும் அந்த ஒரு கதவை அவளால் மூட முடியவில்லை. மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். எனவே என்னை அத்துவிடவில்லை. கோதுமையை மட்டும் நிறுத்திவிட்டார்கள். வியாழன்தோறும் நான் போகத்தான் வேண்டும், வேறு ஆணைக் கட்டக் கூடாது. போகிறேன். சேறுகூட இப்போது வெடித்துவிட்டது. சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

நீ பணம் கொடுத்து ஆட்களை எடுத்தாய் என்பதையும் ஊருக்குச் சொன்னேன். "கட்டினவனே அவுத்துவிட்டான்" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஊர் தருவது: காயவைத்த திராட்சையில் பாதி. அதற்கு மேல் ஒரு பிடி கிடையாது. கேட்பது: பன்னிரண்டு நாளைக்கு ஒரு பகல் தண்ணீர், காலையிலிருந்து பொழுது சாயும் வரை. டீசலுக்குத் தனியாகக் காசு தர முடியாது. வாய்க்காலை ஊர் வெட்டும்.

நான் கேட்பது தனி. உன் பாதியிலிருந்து எனக்கு எதுவும் அனுப்பாதே. நீ இங்கே வரக் கூடாது. எனக்கு எழுதவும் கூடாது. சரி என்றோ இல்லை என்றோ ஒரே ஒரு கடிதம் வரட்டும், ஊருக்குப் படித்துக் காட்டுகிறேன். அதோடு சரி. உன் எழுத்து வரும்போதெல்லாம் நான் தந்தூருக்கு முன்னால் நிற்பது போல இருக்கிறது. இதை ஒப்புக்கொள்ளாவிட்டால் மற்றதை ஊருக்கு எழுதித் தர மாட்டேன். நீ வேறு ஆளைத் தேடிக்கொள்ளலாம்.

கௌகப்

*

மலாயர், ஷஹ்ரிவர் 9

அக்கா,

ஊருக்குப் படித்துக் காட்டப்போகிறாய், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

பேரம் பேச நினைத்தேன். பாதிக்கு மேல் கேட்டிருந்தாலும் ஊர் கொடுத்திருக்கும், அது எனக்கும் தெரியும், யாத்காருக்கும் தெரியும். உன் கடைசி நிபந்தனையை விடச் சொல்லி, அதற்குப் பதிலாக மூன்றில் ஒரு பங்கு போதும் என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். நீ அதை விற்க மாட்டாய்.

கர்னலிடம் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. முடிவானது இதுதான்.

பன்னிரண்டு நாளைக்கு ஒரு பகல் தண்ணீர் பீத்தர்ரேக்கு. வாய்க்கால் வெட்டுவது ஊர், டீசல் எங்கள் பக்கம். பதிலுக்குக் காய்ந்த திராட்சையில் பாதி, சுத்தம் செய்து, மூட்டை கட்டி, வருஷா வருஷம் மலாயர் கிடங்கில் சேர வேண்டும். அதிலிருந்து கௌகப்புக்கு எதுவும் போகாது. நுஸ்ரத் ஊருக்குள் வருவதில்லை, அவளுக்கு எழுதுவதும் இல்லை. இவையெல்லாம் கிணற்றில் தண்ணீர் உள்ளவரை. தீர்ந்துபோனால் யாரும் யாரையும் எதுவும் கேட்பதற்கில்லை.